பதின்மூன்றாம் எண்ணும் என் அண்ணியும்

என் அண்ணி இருபத்தாறு வருடம் ரயில் நிலையத்தில் மற்றவர்களின் பெட்டிகளைக் காத்தவர். பயணிகள் பெட்டியைக் கொடுத்தால் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கையில் தருவார். அதை டோக்கன் என்பார்கள். டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால் பெட்டி திரும்ப வரும். எண்பது டோக்கன், எண்பது தட்டு. அவற்றில் பதின்மூன்றை மட்டும் ஒருவரும் வாங்கமாட்டார்கள். வக்கீல், டாக்டர், கணக்கு வாத்தியார் என்று யாராக இருந்தாலும் அந்த வில்லையைப் பார்த்ததும் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொள்வார்கள். "வேற குடும்மா, நல்ல காரியமாப் போறேன்" என்பார்கள். அண்ணி யாரோடும் வாதாடியதில்லை. பதின்மூன்றாம் தட்டில் தன் சாப்பாட்டுப் பையையும் குடையையும் வைத்துக்கொண்டார். "அந்தக் குடை ஒரு நாள்கூடத் தொலையல. தொட்டாத்தானே திருட முடியும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் என்பதால்தான் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு கல்லறைத் தெரு பதின்மூன்றாம் எண் வீட்டை வாங்கத் துணிந்தார். என் அண்ணன் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பவர். இருவர் சம்பளத்துக்கும் வேறு தெருவில் கழிவறைகூட வாங்கியிருக்க முடியாது. தெருக்கோடியில் இருந்த கல்லறைத் தோட்டத்தை மூடி அங்கே பேருந்துக் கொட்டகை கட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆனாலும் தெருப்பெயரைச் சொல்லிக் கொஞ்சம், எண்ணைச் சொல்லிக் கொஞ்சம் என்று விலை இறங்கிக் கிடந்தது. "பதின்மூணு நமக்கு ஒரு ரூமைச் சும்மா குடுத்திருக்கு" என்று அண்ணி முதல் நாளே அண்ணனிடம் சொன்னாராம். அதே தெருவில் ஒன்பதாம் எண் வீட்டின் முன்னறையை எனக்கு வாடகைக்குப் பிடித்துத் தந்ததும் அவர்தான். அங்கே உட்கார்ந்து நான் திரைச்சீலை தைக்கிறேன். என் தையல் மெஷின் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. தெருவில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.

நின்றுகொண்டே பெட்டி தூக்கும் வேலை அது. இடுப்பு வலிக்கு அண்ணி தினமும் மாத்திரை போட்டார். இருபது வருட மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. நாலு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்கு முன்னால் வீட்டு வாசலில் இருக்கும் ஒன்பது படிகளையும் இறங்கவேண்டும். போகும்போது எப்படியோ இறங்கிவிடுவார். திரும்பி வரும்போது நாலாவது படியில் உட்கார்ந்துவிடுவார். அண்ணன் பின்னால் நின்று தாங்கிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சந்தில் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸின் வீடு விலைக்கு வந்தது. தரைத்தளம், இரண்டு அறை, படியே கிடையாது. டயாலிசிஸ் வார்டிலேயே அண்ணியைப் பல தடவை பார்த்தவர் அந்த நர்ஸ். "ரெண்டு மாசம் உங்களுக்காக வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாதும்மா, நான் என் பையன்கிட்டப் போகணும்" என்றார். நர்ஸ் கேட்ட தொகைக்குப் பதின்மூன்றாம் எண் வீடு நியாயமான விலைக்குப் போனால் போதும். பக்கத்தில் பதினொன்றாம் எண் போன விலைக்குப் போனால் போதும். ஒரே மேஸ்திரி, ஒரே செங்கல், ஒரே அளவில் கட்டிய வீடுகள் அவை.

அந்த நேரத்தில் தெருப்பெயர் ஏற்கெனவே மாறியிருந்தது. பதினைந்தாம் எண்ணில் இருந்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். கஞ்சி போட்ட சட்டை, கையில் எப்போதும் ஒரு ஃபைல். அவர்தான் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கிக் கல்லறைத் தெருவைப் பூங்கா சாலை ஆக்கினார். பூங்கா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. புதுப் பெயர்ப்பலகை வந்த மூன்றே மாதத்தில் தெருவில் எல்லா வீடும் விலை ஏறியது. சாக்கடை அதே சாக்கடை. கொசு அதே கொசு. பலகைக்கு அடித்த பெயிண்டுக்கு இவ்வளவு மகிமையா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. முதலில் கையெழுத்துப் போட்டவர் என் அண்ணன் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

மிச்சம் இருந்தது வீட்டு எண். அதையும் 11ஏ என்று மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள் நகராட்சியில். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதக் கடிதம் மட்டும் வேண்டும். பதினொன்றாம் எண்காரர் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். சங்கத் தலைவர் அண்ணனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தலையை ஆட்டினார்.

"தம்பி, நீங்க என் கூடப் பிறந்தவர் மாதிரி. அதனால மனசு விட்டுச் சொல்றேன். அந்த நம்பரோட கெட்டது எங்கயாவது உக்காந்தாகணும். உங்க வாசல்ல இருந்து கழட்டினா அது எங்க போகும்? அடுத்த வாசலைத்தானே தேடும்? என் வீட்டுல பேரப்பிள்ளைங்க வந்து போறாங்க."

அண்ணன் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்ட அண்ணி, "ஓஹோ, நாம தெருவுக்குக் குப்பைத்தொட்டியா" என்றார். அதுதான் உண்மை. குப்பைத்தொட்டி ஒன்று இருக்கவேண்டும், ஆனால் அது அடுத்தவன் வாசலில் இருக்கவேண்டும்.

வீடு பார்க்க முதலில் வந்தது ஒரு குடும்பம். கணவன், மனைவி, மாமியார். சமையலறை பிடித்தது, காற்று பிடித்தது. எண்ணைப் பற்றிக்கூட, "அட, இந்தக் காலத்துல யாருங்க அதெல்லாம் பாக்கறாங்க" என்றார் கணவன். அப்போது உள்ளறையிலிருந்து அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. கால் இரண்டும் வீங்கியிருந்தது. மாமியார் அந்தக் கட்டைப் பார்த்தார், வாசல் எண்ணைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மூன்று பேரும் செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படி இறங்கினார்கள். என் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அந்த அம்மா சொன்னார்: "பாத்தியா, நம்பர் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு."

மறுநாள் புரோக்கர் வந்தார். வாசனை சென்ட்டும் குழைந்த குரலுமாக இருப்பார். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார் என்றாலும் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சுவத்துல ஓதம் இருந்தா அலமாரியை வெச்சு மறைப்போம் இல்லையா? அந்த மாதிரிதான். ஆளுங்க வர்ற நேரம் அம்மாவை எங்கயாவது உக்கார வெச்சிடுங்க."

என் அண்ணியை அந்த ஆள் சுவரின் ஈரத்தோடு சேர்த்துவிட்டார். அவர் முகத்தில் எதையாவது எறிய வேண்டும்போல இருந்தது எனக்கு. நான் எறியவில்லை, எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அண்ணன் எறிவார் என்று பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வரும்போதெல்லாம் அண்ணியை என் அறைக்குக் கூட்டி வந்தோம். ஒன்பது படி இறங்கி, ஒரு வீடு தாண்டி, வெட்டிய துணிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியில். முதல் தடவை கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு அண்ணன் நிமிர்ந்து பார்க்காமல் நின்றார்.

"என்னங்க, டோக்கன் குடுக்காமப் போறீங்களே" என்றார் அண்ணி. "அப்புறம் வேற யாராவது வந்து என்னை வாங்கிட்டுப் போயிடப் போறாங்க."

"சும்மா இரு. உனக்காகத்தானே இதெல்லாம்."

"தெரியுது, தெரியுது. போங்க. உங்க ஓதத்தை மறைச்சாச்சு, போய் வீட்டைக் காட்டுங்க."

அண்ணன் போன பிறகு அண்ணி வெட்டிய துணி ஒன்றை எடுத்து மடித்தார். தண்ணீர் கேட்டார். அளந்துதான் குடிக்கவேண்டும் என்பதால் ஒரு வாய் வாங்கி நாக்கிலேயே வைத்திருந்தார். நான் தைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும்.

இப்படி நாலு தடவை. நாலாவதாக வந்தவர் மருந்துக்கடைக்காரர். நிதானமான மனிதர், சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். பதினொன்றாம் எண் விலைக்குக் கொஞ்சம் கீழே சொன்னார். அது நர்ஸ் வீட்டுக்குப் போதும். மனைவியை அழைத்துவந்து காட்டிவிட்டு அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிப் போனார். அன்றைக்கு அண்ணன் ஒரு பாட்டை முணுமுணுத்ததைக் கேட்டேன்.

அவர்கள் இருவரும் வந்த அன்று அண்ணி என் அறையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வீட்டைப் பார்த்து முடித்து இறங்கியவர்களைச் சங்கத் தலைவர் தன் வாசலில் நிறுத்தினார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, கையை நெஞ்சில் வைத்து ஏதோ சொன்னார். பிறகு விரல் நீட்டினார். விரல் என் ஜன்னலை நோக்கி இருந்தது.

மருந்துக்கடைக்காரரின் மனைவி நேராக என் வாசலுக்கு வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வரவில்லை. வாசலில் நின்று மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு அண்ணியை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். அண்ணி கண்ணைத் திறந்தார்.

"ஒட்டாதும்மா" என்றார். "இது இடுப்பு வலி மாத்திரை செஞ்ச வேலை. நம்பர் செய்யல. உங்க வீட்டுக்காரர் மருந்துக்கடைதானே வெச்சிருக்கார், கேட்டுப் பாருங்க. அந்த மாத்திரையை அவரும் வித்திருப்பார்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். புருஷன் புரோக்கரிடம், "நான் நம்பறது கிடையாது சார், ஆனா வீட்டுல ஒத்துக்கணுமே" என்றார். அந்த வார்த்தையை அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன்! நான் நம்புவதில்லை, மாமியார் நம்புகிறாள். நான் நம்புவதில்லை, நாளைக்கு வாங்க வருகிறவன் நம்புவான். நம்புகிறவன் என்று ஒருத்தனை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து என் அண்ணியின் படியை உயரமாக்கிக்கொண்டே இருந்தார்கள்.

நர்ஸ் சொன்ன கெடு முடிய பதினைந்து நாள் இருந்தது. அந்த வாரம் ஒரு பகலில், அண்ணனும் அண்ணியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம், சங்கத் தலைவர் பதின்மூன்றாம் எண் வாசலில் அளவு நாடாவோடு நின்றார். சுற்றுச்சுவரை அளந்தார், காம்பவுண்டின் அகலத்தை அளந்தார், ஃபைலில் குறித்தார். வாசல் எண்ணைத் தொட்டுத் திருகியும் பார்த்தார். அந்தக் கெட்டது கையில் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் அந்த முகத்தில் துளியும் இல்லை. நான் சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். நான் சொன்னதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். எந்தச் சுவர், எவ்வளவு நேரம், கூட யார் என்றெல்லாம் கேட்டார். "வாயில்லாப்பூச்சி மாதிரி இருந்துக்கிட்டு எல்லாத்தையும் பாத்து வெச்சிருக்க" என்று என் முதுகில் தட்டினார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் வந்தார். நான் அண்ணிக்கு முடி வாரிக்கொண்டிருந்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"பாக்கச் சகிக்கல தங்கச்சி. ரெண்டு மாசமா அலையறீங்க. என் மருமகன் பேர்ல நானே எடுத்துக்கறேன். கையோட பணம்." என்று ஒரு தொகை சொன்னார். பதினொன்றாம் எண் போனதில் பாதிக்கு ஒரு பிடி மேலே. நர்ஸ் வீட்டின் வாசல்வரைகூட அந்தத் தொகை போகாது.

"இப்ப மட்டும் பேரப்பிள்ளைங்களுக்கு ஆகுமா அண்ணா?" என்றார் அண்ணி.

"உங்களுக்காக நான் அதைத் தாங்கிக்கறேன்."

அண்ணன் வாயைத் திறந்தார். சரி என்று சொல்லப்போகிறார் என்று அவர் தோள் தொங்கியதிலேயே எனக்குத் தெரிந்தது. அண்ணி முந்திக்கொண்டார். குரலே உயரவில்லை. ரயில் நிலையத்தில் டோக்கன் கொடுக்கும்போது பேசுவாரே, அந்தக் குரல்.

"நீங்க வாங்கினதும் நம்பரை மாத்திடுவீங்க. பதினொண்ணுக்காரர் கடுதாசி தயாரா இருக்கு, இந்தப் பக்கத்துக் கடுதாசி உங்க கையிலயே இருக்கு. அப்புறம் முழு விலைக்கு விப்பீங்க. சரிதானே?"

"அப்படி எல்லாம்..."

"இருக்கட்டும், அது வியாபாரம். உங்க வீட்டையும் விக்கறீங்களாமே? அடுத்த மாசம் ஆளு வருதுன்னு புரோக்கர் சொன்னார்."

தலைவர் ஃபைலை மடியில் திருப்பி வைத்தார்.

"இப்படிப் படி ஏறி இறங்கினா ஆறு மாசம்கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க சொல்ற காசுக்குப் படியில்லாத வீடு கிடைக்காது, அதனால நாங்க விக்கறதா இல்ல. நான் இங்கயே கிடந்துட்டுப் போறேன். இந்தக் கட்டிலை அந்தச் சுவத்துப் பக்கம் இழுத்துப் போடச் சொல்றேன், உங்க சுவர்தானே அது. பதின்மூணாம் நம்பர்ல போயிட்டாங்கன்னு ஊரே பேசும். நம்பரை மாத்திடலாம் அண்ணா. சாவை எப்படி மாத்துவீங்க?"

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அண்ணன் முகம் வெளுத்துப்போனது. அவர் நம்பிவிட்டார். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தச் சுவரைப் பார்த்தார். தன் வீட்டு விலை அந்தச் சுவரிலிருந்து உதிர்ந்து விழுவதைப் பார்க்கிறவர்போலவே பார்த்தார். அண்ணியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கும் நேரத்துக்கே வந்துவிட்டார். பதினொன்றாம் எண் போன விலை, ஒரு காசு குறையாமல். ஒரே ஒரு நிபந்தனை. பத்து நாளுக்குள் காலி செய்யவேண்டும். "உயிரோடு" என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் குமட்டுகிறது. நாலு வருடம் நாலாவது படியில் என் அண்ணி உட்கார்ந்திருந்ததைத் தன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனவர், இப்போது டயாலிசிஸ் நாளில் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கையைப் பிடித்து இறக்கினார். "மெதுவா தங்கச்சி, மெதுவா" என்றார். காலையும் மாலையும் ஆள் அனுப்பி, "எப்படி இருக்காங்க? மூச்சு சரியா விடறாங்களா?" என்று விசாரித்தார். ஒரு நாள் அண்ணி இருமிய சத்தம் கேட்டு ஓடியே வந்துவிட்டார். கண்ணாடிச் சாமான் ஏற்றிய வண்டியைக் காப்பதுபோல அந்தப் பத்து நாளும் என் அண்ணியைக் காத்தார். சாமான்காரர்களைக்கூட அவரே பிடித்துக் கொடுத்தார். கடைசிக் கட்டில் வெளியே வருவதற்குள் வாசல் எண்ணைக் கழற்றிவிட்டார்.

"கடைசில பாத்தா மனுஷன் அவ்வளவு மோசமில்ல. ஒரு போன் போட்டு நன்றி சொல்லிடவா?" என்றார் அண்ணன், புது வீட்டில் சாமான் இறக்கி வைத்த அன்று.

அண்ணி கை கழுவிக்கொண்டிருந்தார். படியில் இறங்கும்போது தலைவர் பிடித்த முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார்.

"போனை வைங்க. நான் அங்க சாகாம வந்தேன், அதுக்கு அவர் காசு குடுத்தார். கொடுக்கல் வாங்கல் முடிஞ்சுபோச்சு. இதுல நன்றி எங்க வந்துச்சு?" கையைத் துடைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "டாக்டர் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். அந்த நம்பரை வெச்சு நானும் வித்துட்டேன் பாரு. நாத்தம் போகமாட்டேங்குது."

இப்போது அண்ணி ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே நடந்து போகிறார். சந்து முழுக்க நிழல். வழியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார், அவ்வளவுதான்.

ஒன்றரை மாதம் கழித்து 11ஏ என்ற புது எண்ணோடு அந்த வீடு விற்றுப்போனது. வாங்கிய பெண் திரைச்சீலை தைக்க என்னிடம்தான் வந்தாள். ஜன்னல் அளவு எடுக்கப் போனபோது அவளாகவே சொன்னாள்: "ரொம்ப ராசியான வீடாம்க்கா. முன்னாடி இங்க ஒரு அம்மா படுத்த படுக்கையா இருந்து, இந்த வீட்டோட ராசியிலயே எழுந்து நடந்துட்டாங்களாம். பக்கத்து வீட்டு சார்தான் சொன்னார். அதனாலதான் கொஞ்சம் விலை கூடப் போட்டார். நாங்களும் பரவாயில்லன்னு குடுத்துட்டோம்."

நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவள் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தாள். அந்த வீட்டில்தான் அவள் வாழவேண்டும்.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமினார். தண்ணீரை ஒரு வாய் வாங்கி நாக்கில் வைத்து மெல்ல விழுங்கிவிட்டு, ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டினார்.

"நான் எழுந்து நடந்ததுக்கு எவ்வளவு கூட வாங்கினானாம்?" என்றார்.

சொன்னேன். அந்தத் தொகையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. வாசலில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று மணி டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடக்க ஆரம்பித்தார்.